சக்கரமும் மரச்சர்க்கரையும்

அவளுக்குச் சக்கரம் என்று பெயர் வைத்தது அவளுடைய அண்ணன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில் வெறும் சக்கரம் என்று நின்றுவிட்டது. அந்தப் பெயர் அவளோடு கல்லூரிக்குப் போனது, கல்யாணத்துக்கு வந்தது, வேலை பார்த்த இடமெல்லாம் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாள் கோபப்பட்டுப் பார்த்தாள். பிறகு அதற்கும் பொறுமை இல்லாமல் விட்டுவிட்டாள்.

நின்றுகொண்டேதான் சாப்பிடுவாள். பல் தேய்த்துக்கொண்டே துணி மடிப்பாள். பஸ் வரக் கொஞ்சம் நேரமாகும் என்றால் அடுத்த நிறுத்தத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடுவாள். பாதி வழியில் பஸ் அவளைத் தாண்டிப் போகும். நுண்ணுயிரியல் படித்தவள். ரொட்டிக்கு ஈஸ்ட் தயாரிக்கும் தொழிற்சாலையில் இருந்தாள், மருந்துக் கம்பெனியின் சோதனைப் பிரிவில் இருந்தாள், தண்ணீர்ப் பரிசோதனை நிலையத்தில் இருந்தாள், நடுவில் ஒரு கல்லூரியில் பாடமும் எடுத்தாள். எங்கேயும் சண்டை போட்டுக்கொண்டு வெளியே வரவில்லை. வேலை கைக்குப் பழகிவிட்டால் அவளுக்கு உள்ளே அரிக்க ஆரம்பித்துவிடும், அவ்வளவுதான். அடுத்த ஊர், அடுத்த வாடகை வீடு, அடுத்த சாவிக்கொத்து.

கணவர் பல்செட் செய்பவர். பல் டாக்டர்கள் எடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து ஒவ்வொரு வாய்க்கும் தகுந்த மாதிரி பல் வரிசை செய்து கொடுப்பார். ஒரு மேஜை, ஒரு விளக்கு, ஒரு சின்ன உலை இருந்தால் அவருக்குப் போதும். அதனால் ஒவ்வொரு முறையும் அவள் "போகலாமா?" என்று கேட்டபோது, "எந்த ஊர்லயும் பல்லு விழத்தானே செய்யும்" என்று சொல்லிவிட்டு உலையைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். மகளும் கூடவே சுற்றினாள். பாப்பா பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் பதினொரு வயதுப் பெண்ணாகிவிட்டாள். பள்ளிக்கூடம் மாறுவதில் அவளுக்கு நல்ல அனுபவம்.

கடைசியாக வந்து சேர்ந்த வேலை ஊருக்கு வெளியே இருந்த ஓர் ஆய்வகத்தில். முன்னால் ஆய்வகம், பின்னால் சோதனை ஆலை, ஆலைக்குப் பக்கத்தில் மலை மாதிரி குவிந்து கிடக்கும் மக்காச்சோளத் தட்டை. வாசலில் இறங்கும்போதே புளித்த வாடை முகத்தில் அடிக்கும். கதிரை ஒடித்துக்கொண்டு வயலில் விட்டுவிடுகிற தட்டையை வாங்கி வந்து நறுக்கி, அமிலத்தில் ஊறவைத்து நீராவியில் வேகவைப்பார்கள். கெட்டியாகச் சர்க்கரைச் சாறு இறங்கும். அதில் ஈஸ்ட்டைப் போட்டால் சாராயம் கிடைக்கும். அதை வடித்து எடுத்துப் பெட்ரோலோடு கலந்து வண்டி ஓட்டலாம்.

சொல்லும்போது எளிதுதான். ஆனால் அந்தச் சாற்றில் இரண்டு சர்க்கரை இருக்கிறது. ஒன்று குளுக்கோஸ், அதை ஈஸ்ட் ஆசை ஆசையாகத் தின்னும். மற்றது மரச்சர்க்கரை. தட்டை, வைக்கோல், மரக்கட்டை எதை வேகவைத்தாலும் வருவது. அதை ஈஸ்ட் தொட்டும் பார்க்காது.

முதல் நாள் வேலை முடிந்து வந்து இதைக் கணவரிடம் சொன்னாள். அவர் மேல்வரிசைப் பற்களுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ உன் ஈஸ்ட்டு, தட்டுல பிடிச்சதை மட்டும் தின்னுட்டு மீதியை ஓரமா ஒதுக்கி வைக்கிற பிள்ளை மாதிரி."

"சர்க்கரையில மூணுல ஒரு பங்கு அப்படியே வீணாப் போகுதுங்க."

"பட்டினி போடு. பசிச்சா தானா சாப்பிடும்."

"செத்தாலும் சாப்பிடாது. அந்தச் சர்க்கரையை உடைக்கிற வழியே அதுக்குத் தெரியாது. நாமதான் உள்ள வைக்கணும்."

வைத்தார்கள். மரத்தைத் துளைத்துத் தின்னும் ஒரு வண்டின் குடலில் வேறொரு ஈஸ்ட் வாழ்கிறது. அதற்கு மரச்சர்க்கரை பழக்கமான சாப்பாடு. அதனிடமிருந்து இரண்டு மரபணுக்களை வெட்டி எடுத்துத் தங்கள் ஈஸ்ட்டுக்குள் ஒட்டினார்கள். முதல் மரபணு மரச்சர்க்கரையைப் பாதி மாற்றித் தரும். இரண்டாவது அதை வாங்கி மீதியை மாற்றி, ஈஸ்ட்டுக்குத் தெரிந்த பாதையில் கொண்டுபோய் விடும். இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வெட்டு, ஒட்டு, உள்ளே செலுத்து, மறுநாள் கண்ணாடித் தட்டில் ஈஸ்ட் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கிறதா பார். தினமும் புதிதாக ஏதாவது இருந்தது. அரிப்பு வந்தால் வீட்டுச் சாமான்களை இடம் மாற்றுவது அவள் வழக்கம்; அந்த மாதங்களில் அலமாரிகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

பிறகு ஈஸ்ட் தயாரானது. மரச்சர்க்கரையைத் தின்னத்தான் செய்தது. ஆனால் நோயாளி கஞ்சி குடிப்பது மாதிரி. ஈஸ்ட் பெருகி ஒரு குடுவை கலங்குவதற்குள் வாரம் போய்விடும்.

ஆய்வகத்தின் தலைவி, எல்லோருக்கும் மேடம், கூட்டம் போட்டுச் சொன்னார்: "வழியைக் காட்டியாச்சு. இனிமே அதுவாதான் நடந்து பழகணும். மரச்சர்க்கரை மட்டும் போட்டு வளர்ப்போம். கலங்கினதும் அதுல ஒரு துளி எடுத்துப் புதுச் சர்க்கரைத் தண்ணிக்கு மாத்துவோம். திரும்பத் திரும்ப. கோடிக்கணக்கான செல்லுல எதுக்காவது தற்செயலா ஒரு மாற்றம் வரும். அது மத்ததைவிட வேகமாப் பெருகும். கடைசியில அதோட வம்சம்தான் மிஞ்சும். ஆறு மாசம் ஆகலாம், ஒரு வருஷமும் ஆகலாம்."

"யார் பார்த்துக்கறது?" என்று யாரோ கேட்டார்கள்.

மேடம் அவளைக் காட்டினார். அறையில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. பக்கத்து மேஜைக்காரர் வாய்விட்டே சொன்னார்: "மேடம், சக்கரத்தைப் போய்க் காத்திருக்கச் சொல்றீங்களே, இது நியாயமா?"

அவளுக்குச் சுருக்கென்றது. "நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

நான்கு குடுவைகள். வெதுவெதுப்பான பெட்டிக்குள் நாள் முழுக்க ஆடிக்கொண்டிருக்கும். திட்டப்படி வாரத்துக்கு ஒரு முறை மாற்றினால் போதும். அவளோ காலையில் கோட்டு மாட்டுவதற்கு முன்னால் பெட்டியைத் திறந்து பார்ப்பாள். டீக்குப் போகும்போது பார்ப்பாள், டீ குடித்துவிட்டு வந்து பார்ப்பாள். குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பாள். பின்னால் வைத்த காகிதத்தின் எழுத்து தெளிவாகத் தெரிந்தால் இன்னும் கலங்கவில்லை என்று அர்த்தம். எழுத்து எப்போதும் தெளிவாகவே தெரிந்தது.

"கதவை இப்படித் திறந்து திறந்து மூடினா உள்ள சூடு எப்படி நிக்கும்?" என்று மேடம் கேட்டார்.

"சும்மா ஒரு பார்வை மேடம்."

"உன் சும்மாவுக்கு ஒரு அளவே இல்லையா?"

வீட்டில் அரிப்பு வேறு விதமாக வெளிப்பட்டது. கட்டிலைத் திருப்பிப் போட்டாள். சமையலறைச் சாமான்களை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் மாற்றினாள். ஒரு நாள் கணவர் இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்து, முந்தின நாள் இல்லாத இடத்தில் இருந்த பீரோவில் முட்டிக்கொண்டார்.

"நம்ம வீட்டுல பீரோவுக்கே தலை சுத்துதும்மா" என்றார் நெற்றியைத் தடவிக்கொண்டு.

நாலைந்து மாதம் போனது. இரண்டாம் குடுவை மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் சீக்கிரம் கலங்க ஆரம்பித்தது. கொஞ்சம்தான். ஆனால் அவளுக்கு அது போதும். அதற்குப் பிறகு அந்தக் குடுவையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வாரம் முடியும்வரை ஏன் காத்திருக்க வேண்டும், லேசாகக் கலங்கியதுமே மாற்றினால் என்ன என்று யாரையும் கேட்காமல் மாற்ற ஆரம்பித்தாள். முதல் இரண்டு தடவை சரியாக வந்தது. மூன்றாவது தடவை அவசரம் கொஞ்சம் கூடிவிட்டது. கலங்கியது மாதிரி தெரிந்தது. துளியை எடுத்துப் புதுச் சர்க்கரைத் தண்ணீரில் விட்டாள். பழைய குடுவையை நீராவிக் கொதிகலத்தில் வைத்து, அதிலிருந்த ஈஸ்ட்டைக் கொன்றுவிட்டாள். துளிக்குள் போதுமான செல்கள் இருக்கவில்லை. இரண்டு நாள், மூன்று நாள், ஒரு வாரம் பார்த்தாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பின்னால் வைத்த எழுத்து அவளைப் பார்த்துப் பல்லிளித்தது.

குளிர்ப்பெட்டியில் முன்பே உறையவைத்த சாம்பிள் ஒன்று இருந்தது. ஆனால் அது ஆரம்ப வாரங்களில் எடுத்தது. நடந்து வந்த தூரமெல்லாம் போய்விட்டது.

மேடம் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். அவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"உனக்கு என்ன அவசரம்?"

"தெரியல மேடம்."

"தெரியலன்னா எப்படி?"

"நிஜமாவே தெரியல. ஒண்ணும் நடக்காம இருக்கிறதைப் பார்த்துக்கிட்டிருக்க என்னால முடியல. மூச்சு முட்டுது."

மேடம் பிறகு எதிர்பாராத ஒன்றைக் கேட்டார்: "அதுக்கு முன்னாடி ரெண்டு தடவை சீக்கிரமா மாத்தினியே, அப்போ எப்படி வளர்ந்துச்சு?"

"வேகமா. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேகமா."

"அப்போ வாரம் முடியற வரைக்கும் பட்டினி கிடந்து பழகினதைவிட, புதுத் தண்ணியில ஓடிக்கிட்டே இருந்தது நல்லா ஓடுது." மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "யோசனை தப்பில்ல. கண்ணால பார்த்து மாத்தினது தப்பு. இனிமே கலங்கலை மீட்டர்ல அளந்து பாரு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை வேணும்னாலும் அளந்துக்கோ. அளவு தாண்டினாத்தான் மாத்தணும், தாண்டினதும் மாத்திடணும். ஆனா ஒரு தடவை விடாம ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் உறைய வை. இன்னொரு குடுவை போச்சுன்னா நீயும் போகலாம்."

மிஞ்சியது மூன்று குடுவை. இப்போது அளப்பதே அவள் வேலை. காலை, முற்பகல், மதியம், மாலை என்று துளி எடுத்து மீட்டரில் வைத்து எண்ணைப் பார்ப்பாள். எண் நகர்ந்தது. ஒன்றுமே நடக்கவில்லை என்று நினைத்த நாட்களில்கூட அது ஊர்ந்துகொண்டுதான் இருந்தது. பெட்டிக்கும் மீட்டருக்கும் நடுவில் அவள் நடந்த நடையில் தரையின் மெருகு மங்கியது. வார இறுதிகளிலும் போனாள்.

ஆனால் அரிப்பு அடங்கவில்லை. மேடத்தின் அறையிலிருந்து வெளியே வந்த அதே வாரத்தில், வேறோர் ஊரில் தடுப்பூசி தயாரிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு விண்ணப்பம் போட்டிருந்தாள். பழக்க தோஷம். நேர்காணலுக்குப் போய் வந்தாள். வேலை கிடைத்துவிட்டது. இரவுச் சாப்பாட்டின்போது, ஜன்னல் ஓரம் தட்டைக் கையில் வைத்து நின்றுகொண்டு, அந்தச் செய்தியைச் சொன்னாள்.

"நல்ல இடம்ங்க. பெரிய கட்டடம். இங்க மாதிரி வாடை கிடையாது. அடுத்த மாசக் கடைசியில சேரணும்."

வழக்கமான பல் விழும் பேச்சை எதிர்பார்த்தாள். கணவர் சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"சரி. நீ போயிட்டு வா."

"போயிட்டு வான்னா?"

"போயிட்டு வான்னா போயிட்டு வா. நானும் பாப்பாவும் இங்கதான் இருப்போம்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினாள்.

"விளையாடாதீங்க."

"விளையாடல. ஒவ்வொரு ஊர்லயும் டாக்டருங்க என்னை நம்பி வேலை கொடுக்கவே ஒரு வருஷம் ஆகுது. நம்பிக்கை வந்ததும் நாம மூட்டை கட்டறோம். எனக்குப் பரவாயில்லன்னுதான் இருந்தேன். ஆனா அப்படி இல்லம்மா."

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள்: "அம்மா, எனக்கு முதல் தடவையா போன வருஷ ஃப்ரெண்டே இந்த வருஷமும் ஃப்ரெண்டா இருக்கா."

அவள் தட்டோடு சமையலறைக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். அன்றைக்கும் அடுத்த சில நாட்களும் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. அவள் கோபம் முதலில் கணவர் மேல் இருந்தது. இத்தனை வருஷம் சரி சரி என்று சொல்லிவிட்டு இப்போது முகத்தில் அறைகிறாரே என்று. அப்புறம் அது எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி அவளிடமே வந்து நின்றது. மகளின் அந்தத் தோழியின் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

ஆய்வகத்தில் இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்த நாட்களில்தான் மூன்றாம் குடுவை துள்ள ஆரம்பித்தது. முந்தின மாலை விட்ட துளி மறுநாள் காலையில் குடுவை முழுக்கப் பால் மாதிரி நின்றது. மேடம் நம்பவில்லை. வேறு ஏதோ கிருமி நுழைந்துவிட்டது என்றார். நுண்ணோக்கியில் பார்த்தார்கள், மொட்டு விடும் ஈஸ்ட்தான். மரபணுவைச் சோதித்தார்கள், அவர்கள் ஒட்டிய இரண்டும் அப்படியே இருந்தன. அவர்களுடையதேதான்.

பக்கத்து மேஜைக்காரர் ஓடிப்போய்க் கேக் வாங்கி வந்தார். அவள் நின்றுகொண்டே ஒரு துண்டைத் தின்றுவிட்டு, "தட்டைச் சாறுல போட்டுப் பார்க்கலாமா?" என்று கேட்டாள்.

"இன்னிக்கேவா?"

"இன்னிக்கே."

போட்டார்கள். செத்துவிட்டது.

இதுவரை அது வளர்ந்தது ஆய்வகத்தில் கலக்கிய சுத்தமான சர்க்கரைத் தண்ணீரில். ஆலையில் வேகவைத்து இறக்கும் சாறு அப்படியில்லை. கறுப்பாக, காடி மாதிரிப் புளித்து இருக்கும். தட்டை வேகும்போது கூடவே இறங்கும் அமிலமும் வேறு நஞ்சுகளும் அதில் உண்டு. மறுபடியும் முதலிலிருந்து பழக்க வேண்டும். சர்க்கரைத் தண்ணீரில் கொஞ்சம் கறுப்புச் சாறு, பழகினதும் இன்னும் கொஞ்சம், பிறகு பாதிக்குப் பாதி. இன்னும் சில மாதம்.

இந்த இடத்தில் அவள் போயிருக்க வேண்டும். வேறு எந்த வேலையாக இருந்தாலும் போயிருப்பாள். தடுப்பூசி நிறுவனத்துக்குப் போன் செய்து, சேருவதைக் கொஞ்சம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றார்கள். போனை வைத்துவிட்டு ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் நடுவில் உள்ள சிமெண்டுப் பாதையில் மேலும் கீழும் நடந்தாள். பிறகு மறுபடி அவர்களைக் கூப்பிட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சொன்னாள்: "நான் போகலங்க. ஆனா உங்களுக்காக இருக்கேன்னு பொய் சொல்ல மாட்டேன். பாப்பாவுக்காகன்னும் சொல்ல மாட்டேன். அந்தக் கறுப்புச் சாறுல அது பிழைக்குதா இல்லையான்னு பார்க்காம என்னால போக முடியல."

கணவர் உலையை அணைத்துவிட்டுத் திரும்பினார். "எதுக்காக இருந்தா என்ன? இருக்கியே" என்றார்.

அன்றைக்கு அவள் உட்கார்ந்து சாப்பிட்டாள். மகள் அதைப் பார்த்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேசாதே என்று கண்ணைக் காட்டினார்.

கறுப்புச் சாற்றில் பழக்கும் வேலை நினைத்ததைவிட இழுத்தது. நடுவில் ஒரு முறை எல்லாக் குடுவைகளும் சேர்ந்து படுத்துக்கொண்டன. உறையவைத்ததிலிருந்து திரும்பத் தொடங்கினார்கள். இந்த முறை உறையவைத்தது முந்தின வாரத்தது. ஒரு வழியாகக் கலப்பில்லாத ஆலைச் சாற்றிலேயே ஈஸ்ட் மெதுவாக, ஆனால் சாகாமல் வளர்ந்தது. மேடம் சோதனை ஆலைக்குச் சொல்லி அனுப்பினார்.

ஆலையைக் கவனித்தவர் ஒரு பொறியாளர். தலை எப்போதும் சூடாக இருப்பதால் அவருக்குப் பாய்லர் என்று பெயர். ஆய்வகத்துக்காரர்கள் குடுவையோடு வந்தாலே அவருக்குப் பிடிக்காது.

"போன தடவை ஒருத்தர் இப்படித்தான் ஒரு ஈஸ்ட்டைக் கொண்டு வந்தார். பொட்டுனு செத்துப்போச்சு. தொட்டியைக் கழுவினது யாரு? நாங்க."

"இது சாகாது சார்."

"அவரும் இதையேதான் சொன்னார்."

ஆள் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு இருந்தது அந்தத் தொட்டி. ஏணியில் ஏறி மேல் மூடி வழியாக ஈஸ்ட்டை விட்டார்கள். மேலிருந்து ஒரு குழாய் இறங்கிக் கீழே தண்ணீர் வாளிக்குள் முங்கியிருந்தது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது வெளிவிடும் காற்று அந்த வாளியில் குமிழி விடும். காற்றை அளக்கும் கருவி சுவரில் இருந்தாலும் பாய்லருக்கு வாளிதான் நம்பிக்கை. "மிஷின் பொய் சொல்லும், வாளி சொல்லாது" என்பார்.

முதல் நாள் வாளி கொதிக்கிற மாதிரி குமுறியது. அது குளுக்கோஸ். அதைத்தான் எந்த ஈஸ்ட்டும் தின்னுமே. மறுநாள் காலை அவள் வந்தபோது குமிழி குறைந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் ஒன்றிரண்டு. பிறகு அதுவும் இல்லை. வாளித் தண்ணீர் அசையாமல் நின்றது.

பாய்லர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார். "முடிஞ்சுதா?"

"குளுக்கோஸ் முடிஞ்சுது. இனிமே மரச்சர்க்கரைக்கு மாறணும். மாறறதுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியல."

தொட்டியைச் சுற்றி நடந்தாள். சூடு சரியாக இருந்தது. கலக்கி ஓடிக்கொண்டிருந்தது. சாம்பிள் எடுத்து ஆய்வகத்துக்கு ஓடினாள், செல்கள் உயிரோடிருந்தன, சாற்றின் காடித்தன்மை மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. திரும்ப ஓடிவந்து சொன்னாள்: "சோடாக் காரம் கொஞ்சம் சேர்த்துக் காடியைக் குறைக்கலாம் சார். அமிலம் கடிக்கிற கடி குறைஞ்சா அது எழுந்திரிக்கும்."

முணுமுணுத்துக்கொண்டே பாய்லர் வால்வைத் திறந்தார். ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் ஆனது. அடுத்த வேலைக்குத் தொட்டி வேண்டும் என்று அவருக்குப் போன் வந்துகொண்டே இருந்தது.

"போதும்மா. திறந்து விட்டுடறேன்."

"வேண்டாம் சார். இன்னும் கொஞ்சம் பொறுங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். "யாரு, நீயா பொறுக்கச் சொல்ற? ஆய்வகத்துல உன்னை என்ன பேர் சொல்லிக் கூப்பிடறாங்கன்னு எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா நல்லது. பொறுக்கறது எவ்வளவு கஷ்டம்னு என்னைவிட யாருக்கும் தெரியாது. தயவுசெஞ்சு பொறுங்க."

அவர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டார். ஒரு ஸ்டூலை இழுத்து அவள் பக்கம் தள்ளினார். அவள் உட்காரவில்லை. அவரே உட்கார்ந்துகொண்டார். அவள் தொட்டியைச் சுற்றினாள், ஏணியில் ஏறினாள், இறங்கினாள், கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள். வெளியே ஒரு லாரி தட்டையைக் கொட்டிவிட்டுப் போனது. தூசி ஜன்னல் வழியாக வந்து இருவரும் தும்மினார்கள்.

முதல் குமிழியை அவள் பார்க்கவில்லை. ஏணியில் இருந்தாள். பாய்லர்தான் "ஏய்" என்றார். அவள் தடதடவென்று இறங்கி வந்தாள். வாளியில் ஒரு குமிழி மெல்ல எழுந்து உடைந்தது. நெடுநேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் இரண்டு சேர்ந்து. இருவரும் வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மாலையில் மேடம் வந்து பார்த்தபோது, வாளி சின்னதாக, சீராக, நிற்காமல் பேசிக்கொண்டிருந்தது. பாய்லர் மேடத்திடம், "கொஞ்சம் பொறுத்தா எல்லாம் நடக்கும் மேடம், உங்க ஆளுங்களுக்குத்தான் பொறுமை இல்ல" என்றார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

முடிவு எல்லோரும் கொண்டாடுகிற மாதிரி இல்லை. மரச்சர்க்கரையில் பெரும்பகுதி தீர்ந்திருந்தது, முழுவதும் இல்லை. தீர்ந்ததிலும் எல்லாம் சாராயமாகவில்லை. முதல் மரபணுவின் வேகத்துக்கு இரண்டாவது ஈடுகொடுக்க முடியாமல் கொஞ்சம் பாதியிலேயே நின்றுபோயிருந்தது. பாதியில் நின்றது ஓர் இனிப்புப் பொருள். சூயிங்கத்தில் போடுவது, பல் சொத்தையாகாமல் காப்பது. இதை வீட்டில் சொன்னபோது கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"வண்டிக்கு எண்ணெய் தயாரிக்கிறேன்னு சொல்லிட்டு என் பொழைப்புல மண்ணை அள்ளிப் போடறியே!"

இருந்தாலும் முன்பு குப்பையாய்ப் போனதில் பாதிக்கு மேல் இப்போது எரிபொருளானது. ஆலை அந்த ஈஸ்ட்டையே வைத்துக்கொண்டது. ஆய்வகத்தில் அதற்கு எண் போட்ட பெயர் ஒன்று உண்டு. ஆலையில் எல்லோரும் அதைச் சக்கரம் என்றே சொன்னார்கள். "இன்னிக்கு எந்தத் தொட்டிக்குச் சக்கரம் போடறது?" என்று பாய்லர் கத்துவது சிமெண்டுப் பாதைவரை கேட்கும்.

எல்லாம் ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் அவளுக்கு மறுபடி உள்ளே அரித்தது. ஒரு நாள் வேலை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருப்பதை உணர்ந்து பக்கத்தை மூடினாள். மறுநாள் மேடத்திடம் போய் நேராகவே சொன்னாள்: "மேடம், எனக்கு இருப்புக் கொள்ளல. வேற ஏதாவது கொடுங்க, இல்லன்னா நான் ஓடிடுவேன்."

அப்போது ஆலைக்கு வேறொரு தலைவலி இருந்தது. தட்டை ஒவ்வொரு இடத்திலிருந்து ஒவ்வொரு மாதிரி வந்தது. ஒரு லாரிச் சரக்கில் ஈஸ்ட் குதிக்கும், அடுத்த லாரிச் சரக்கில் சுருண்டு படுக்கும். யாராவது நேரில் போய், வயலிலும் கிடங்கிலும் பார்த்து, மாதிரி எடுத்து வர வேண்டும். மேடம் அவளிடம் ஜீப் சாவியைக் கொடுத்தார். "சுத்து. ஆனா திரும்பி வா."

இப்போது அவள் வாரத்தில் பாதி நாள் சாலையில். இரண்டு நாளுக்கு மேல் வெளியே தங்குவதில்லை என்று வீட்டில் ஒப்பந்தம். ஒரு தடவை மீறினாள், மகள் ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை, மறுமுறை மீறவில்லை. ஊருக்குத் திரும்பும் நாட்களில் சில சமயம் பள்ளி வாசலில் நின்று இரண்டு பெண்களை ஏற்றிக்கொண்டு வருவாள். அந்தத் தோழி வாயாடி. அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. வீட்டில் பீரோ இப்போதும் அவ்வப்போது இடம் மாறுகிறது. மாற்றும் முன் கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறாள்.

போன மழைக்குப் பிறகு ஒரு கிடங்குக்குப் போயிருந்தாள். நனைந்த தட்டையைக் கட்டுக் கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். கிடங்குக்காரர், "மேலதான் ஈரம், உள்ள நல்லா இருக்கு" என்று சாதித்தார். அவள் ஒரு கட்டுக்குள் முழங்கை வரை கையை விட்டாள். உள்ளே சுட்டது. நடுவில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது.

"இதை வாங்க முடியாது. உள்ள யாரோ ஏற்கனவே சாப்பிட ஆரம்பிச்சுட்டாங்க."

கிடங்குக்காரர் முகம் தொங்கியது. அவளோ அந்தக் கட்டை விட்டு நகரவில்லை. இந்தச் சூட்டில், இந்தப் புளிப்பில், யாரும் பழக்காமலே தட்டையைத் தின்றுகொண்டிருக்கிறதே, இது என்ன? கையில் அப்பிய வெள்ளையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள்.

"வாங்க மாட்டேன்னு சொன்னீங்க, அப்புறம் என்னத்தைம்மா பார்க்கறீங்க?"

"ஒரு கைப்பிடி மட்டும் கொடுங்க. சும்மா" என்றாள்.

பையில் போட்டு இறுக்கிக் கட்டிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தாள். பாதித் தூரம் போனதும் நடை ஓட்டமாகிவிட்டது.